ஒரு தேயிலை இலையின் கணக்கு: ஒளிச்சேர்க்கையைக் கணித மாதிரியாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் தாவரவியல் படிக்கும் மாணவர்களும் பச்சைத் தேயிலை விற்கும் சிறு விவசாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே ஒரு கற்பனை இலைக்குப் போட்டவை. கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

இலை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. அதற்கு எதற்குக் கணித மாதிரி?

கருவியை இலையில் மாட்டினால் அந்த நொடியில் அந்த இலையின் வேகம் தெரியும். ஏன் அதற்கு மேல் போகவில்லை என்பது தெரியாது. மாதிரி சொல்வது அதைத்தான். இந்த நேரத்தில் இந்த இலையைத் தடுப்பது எது? வெளிச்சமா, நொதியா, மூடிக்கொண்ட இலைத்துளையா? மலையில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். காலை எட்டு மணிக்கு மேகமூட்டம், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், இரண்டு மணிக்கு மறுபடி மேகம் என்றால், தடுப்பதும் ஒரே நாளில் மாறிக்கொண்டே இருக்கும்.

'இந்த வருஷம் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை வரும்?' என்று கேட்டால் இந்த மாதிரி மட்டும் பதில் சொல்லாது. சொல்லும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

எந்த மாதிரியைப் பற்றிப் பேசுகிறோம்?

கிரஹாம் ஃபார்கர், சூசன்னே ஃபான் கேமரர், ஜோசப் பெர்ரி மூவரும் 1980-இல் 'பிளான்டா' ஆய்விதழில் வெளியிட்டது. தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சோலைக்காட்டு மரங்கள் என்று சி3 வகைத் தாவரம் (பிடித்த கரியமில வாயுவை முதலில் மூன்று கார்பன் கொண்ட சேர்மமாக்கும் வகை) எதற்கும் பொருந்தும். 'ஒரு வேலைக்குப் பல காரணிகள் தேவை என்றால், வேகத்தை முடிவு செய்வது பற்றாக்குறையான காரணிதான்' என்று பிளாக்மன் 1905-இலேயே சொல்லிவிட்டார். நொதி வேகத்துக்கு மைக்கேலிஸும் மென்டனும் 1913-இல் சமன்பாடு கொடுத்தார்கள். 1980 மாதிரி இந்த இரண்டையும் இலையின் உயிர்வேதியியலோடு சேர்த்துக் கட்டியது. இன்று பூமியின் காடுகளும் வயல்களும் எவ்வளவு கரியமில வாயுவை எடுக்கின்றன என்று கணிக்கும் பெரிய காலநிலை மாதிரிகள் பலவற்றின் அடியிலும் இந்தச் சில வரிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபார்கருக்கு 2017-இல் கியோட்டோ பரிசு கிடைத்தது.

சரி, சமன்பாட்டைக் காட்டுங்கள்.

இலையில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. வெளிச்சத்தைப் பிடித்து எலக்ட்ரானை ஓடவிட்டு ஆற்றல் தயாரிப்பது ஒன்று. அந்த ஆற்றலை வைத்து, ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவைப் பிடிப்பது இன்னொன்று. தேயிலை ஃபேக்டரியில் வாட்டும் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உருட்டும் இயந்திரம் ஒன்றுதான் என்றால் அன்றைய உற்பத்தி அந்த ஒன்றின் வேகம்தானே? இலையும் அப்படித்தான்.

ரூபிஸ்கோ வேகம் = ரூபிஸ்கோ திறன் × (உள்வாயு − 43) ÷ (உள்வாயு + 710)

ஒளி வேகம் = (எலக்ட்ரான் ஓட்டம் ÷ 4) × (உள்வாயு − 43) ÷ (உள்வாயு + 86)

நிகர வேகம் = இந்த இரண்டில் சிறியது − சுவாசம்

உள்வாயு என்பது இலைக்குள் இருக்கும் கரியமில வாயுவின் அளவு, பி.பி.எம். கணக்கில் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பது). வேகம் என்பது ஒரு சதுர மீட்டர் இலை ஒரு நொடியில் பிடிக்கும் கரியமில வாயு, மைக்ரோமோலில். இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

நமது கற்பனை இலைக்கு ரூபிஸ்கோ திறன் 50, எலக்ட்ரான் ஓட்டத்தின் உச்சவரம்பு 90, சுவாசம் 1, உள்வாயு 280, இலை வெப்பம் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ரூபிஸ்கோ வேகம் 50 × 237 ÷ 990, அதாவது 12. இது வெளிச்சத்தைப் பொறுத்தது இல்லை.

ஒளி வேகத்துக்கு முதலில் எலக்ட்ரான் ஓட்டம் வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் இலை மேல் விழும் 100 ஒளித்துகளுக்குச் சுமார் 30 எலக்ட்ரான் ஓடும்; வெளிச்சம் கூடக்கூட அது 90-ஐ நோக்கி வளைந்து படிந்துவிடும். அந்த வளைவுக்கு ஓர் இருபடிச் சமன்பாடு உண்டு. நம் இலைக்கு விடையை மட்டும் தருகிறேன். ஒளி அளவு என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழும் ஒளித்துகள், அதுவும் மைக்ரோமோலில். நல்ல வெயிலில், ஒளி அளவு 1,500 என்றால், எலக்ட்ரான் ஓட்டம் 84. அடர்ந்த மேகமூட்டத்தில், ஒளி அளவு 150 என்றால், 37.

வெயிலில் ஒளி வேகம் 13.6. ரூபிஸ்கோவின் 12 அதைவிடச் சிறியது. ஆகவே தடுப்பது ரூபிஸ்கோ, நிகரம் 11. மேகத்தில் ஒளி வேகம் 6. இப்போது தடுப்பது வெளிச்சம், நிகரம் 5. இரண்டும் சமமாகும் இடம் ஒளி அளவு 580 வாக்கில் வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு வெயில் அடித்தாலும் இந்த இலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நிகரம் 11 என்றால் கையில் என்ன? ஒரு சதுர மீட்டர் இலை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.2 கிராம் சர்க்கரை செய்கிறது. அவ்வளவுதான்.

43, 710 எல்லாம் எங்கிருந்து வந்தன?

ரூபிஸ்கோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சில சமயம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதனால் பிடித்த கார்பனில் கொஞ்சத்தை இலை திரும்ப வெளியே விடுகிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். பிடிப்பதும் விடுவதும் சமமாகும் அளவுதான் 43. 710-இலும் ஆக்சிஜனின் பங்கு இருக்கிறது. இரண்டும் 25 டிகிரியில், கடல்மட்டத்துக் காற்றில் பொருந்தும் எண்கள். சி3 தாவரங்களுக்குள் ரூபிஸ்கோவின் குணம் அவ்வளவாக மாறுவதில்லை என்பதால், புகையிலையில் அளந்த எண்களைத் தேயிலைக்கும் போடுவதுதான் வழக்கம். செடிக்குச் செடி மாறுவது ரூபிஸ்கோ எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

ஊட்டி உயரத்தில் காற்று லேசானது. அப்படியென்றால் இலைக்குக் கரியமில வாயு குறையுமே?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. பி.பி.எம். கணக்கில் மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் கரியமில வாயு ஒன்றேதான். ஆனால் நொதி பார்ப்பது விகிதத்தை அல்ல, அழுத்தத்தை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 77 சதவீதம். நம் இலையின் 280, கடல்மட்டக் கணக்குப்படி 216 ஆகிவிடுகிறது. இதை மட்டும் போட்டால் ரூபிஸ்கோ வேகம் 12-இலிருந்து 9.3-க்கு விழும்.

பல மாணவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது கரியமில வாயு மட்டுமா? ஆக்சிஜனும் அதே 77 சதவீதம்தான். அதனால் ஒளிச்சுவாசம் குறைகிறது: 43 என்பது 33 ஆகிறது, 710 என்பது 640 ஆகிறது. மறுபடி போட்டால் 10.7. இறங்கியதில் பாதியை ஆக்சிஜன் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இனி ஒளி வேகத்தைப் பாருங்கள். எலக்ட்ரான் ஓட்டத்தைத் தவிர அந்தச் சமன்பாட்டில் இருப்பவை உள்வாயுவும் 43-உம் மட்டுமே (86 என்பது 43-இன் இரு மடங்குதான்). இரண்டும் ஒரே அளவில் குறைவதால் விகிதம் அப்படியே நிற்கிறது. அதாவது மேகமூட்ட நாளில் உயரத்தால் இலைக்கு நஷ்டமே இல்லை! வெயில் நாளில் மட்டும் சுமார் 11 சதவீதம். வெப்பம், இலைத்துளையின் பழக்கம் இரண்டும் மாறவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் ஊட்டியில் குளிர் உண்டு; அதற்கு அடுத்த பதில்.

குளிரில் ஒளிச்சேர்க்கை பாதியாகிவிடாதா?

நொதியின் உச்ச வேகம் பாதிக்கும் கீழே போகும். இலை வெப்பம் 25-இலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் ரூபிஸ்கோ திறன் 40 சதவீதம்தான் மிஞ்சும். 50 என்பது 20. ஆனால் குளிரில் ரூபிஸ்கோ ஆக்சிஜனிடம் ஏமாறுவதும் குறைகிறது. 43 என்பது 25 ஆகவும், 710 என்பது 300 ஆகவும் இறங்கும். கணக்கு முடிவில் வேகம் 8.8. திறன் 60 சதவீதம் சரிந்தும் வேகம் 27 சதவீதம்தான் சரிகிறது. கூடவே, குளிரில் வளரும் செடிகள் பல இலைக்குள் கூடுதலாக ரூபிஸ்கோ செய்து வைத்துக்கொண்டு ஈடுகட்டுகின்றன.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: மாதிரிக்குத் தர வேண்டியது இலையின் வெப்பம். காற்றின் வெப்பத்தைப் போட்டுவிட்டு மாதிரி சரியில்லை என்று சொல்லாதீர்கள். காற்றில்லாத வெயில் நேரத்தில் இலை காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். தேயிலைக்கு 35 டிகிரியைத் தாண்டினால் ஒளிச்சேர்க்கை வேகமாகச் சரியும். நீலகிரியில் காற்று அந்தச் சூட்டைத் தொடுவது அபூர்வம். மார்ச் மாதத்து மதியத்தில், கவாத்து செய்த காட்டில், இலை அதன் பக்கத்தில் போய்விட முடியும்.

இலைத்துளை எங்கே வருகிறது? உள்வாயு 280 என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே.

ஆமாம், அங்கே ஒரு சிக்கலை மூடிவைத்தேன். உள்வாயு எவ்வளவு என்பது இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறப்பு ஒளிச்சேர்க்கை வேகத்தைப் பொறுத்தது. வேகமோ உள்வாயுவைப் பொறுத்தது. சுற்றிச் சுற்றி வரும். கணினியில் ஓர் எண்ணை உத்தேசமாகப் போட்டு, விடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவார்கள்.

பால், உட்ரோ, பெர்ரி மூவரும் 1987-இல் கொடுத்த எளிய விதி இது: திறப்பு = 9 × வேகம் × ஈரப்பதம் ÷ வெளிவாயு. வெளிவாயு என்பது வெளிக்காற்றில் இருக்கும் கரியமில வாயு; ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 0.9 என்று போட வேண்டும். 9 என்பது சி3 செடிகளுக்கு வழக்கமாகப் போடும் எண். நீராவி கரியமில வாயுவைவிட 1.6 மடங்கு எளிதாகத் துளையைக் கடக்கும் என்பதையும் சேர்த்தால், ஓர் அதிர்ஷ்டம்: வேகம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய் ஒரே வரி மிஞ்சுகிறது.

உள்வாயு ÷ வெளிவாயு = 1 − 1.6 ÷ (9 × ஈரப்பதம்)

வெளிவாயு 400 என்று வைப்போம். ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் உள்வாயு 321, ரூபிஸ்கோ வேகம் 13.5. வறண்ட பிப்ரவரி மதியத்தில் 40 சதவீதம் என்றால் உள்வாயு 222, வேகம் 9.6. அதே இலை, அதே வெயில். காற்றின் வறட்சி மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதத்தைத் தின்றுவிட்டது. மண்ணில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இன்னும் வரவில்லை.

இலை உண்மையில் உணர்வது ஈரப்பதச் சதவீதத்தை அல்ல, தன்னிடமிருந்து காற்று எவ்வளவு நீரை இழுக்கிறது என்பதை. பெலிண்டா மெட்லினும் மற்றவர்களும் 2011-இல் தந்த விதி அதை வைத்து எழுதியது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மேகமூட்டத்தில் இலை நனைந்துவிடுகிறது. துளை அடைபடாதா?

தேயிலை இலையைத் திருப்பிப் பாருங்கள். துளைகள் இருப்பது அடிப்பக்கத்தில் மட்டும்தான். மேல்பக்கம் பளபளவென்று மெழுகு பூசியது போல இருக்கும், அங்கே துளி நின்றால் பெரிய பாதகம் இல்லை.

மூட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. நேர் வெயில் மேல் இலைகளில்தான் விழும், கீழே நிழல். லேசான மூட்டம் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் புதருக்குள் இருக்கும் இலைக்கும் பங்கு கிடைக்கும். மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் செடியின் மொத்த வேகம் குறையாமலோ கூடியோ இருக்கலாம். எதிரே நிற்கும் ஆளே தெரியாத அடர்ந்த மூட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஓர் இலைக்குப் போட்ட கணக்கை முழுச் செடிக்குப் பெருக்கிக்கொள்ளலாமா?

கூடாது. காரணம் நம் எண்களிலேயே இருக்கிறது. செடியின் பாதி இலைகள் 1,500 வெளிச்சத்தில், பாதி 150-இல் என்று வையுங்கள். வேகம் 12, 6, சராசரி 9. வெளிச்சத்தைச் சராசரியாக்கி 825 என்று போட்டால் விடை 12. மூன்றில் ஒரு பங்கு பொய்யாகக் கூடிவிட்டது. வெளிச்சத்தைச் சராசரியாக்காமல், வேகங்களைச் சராசரியாக்க வேண்டும்.

புதருக்குள் வெளிச்சம் அடுக்கடுக்காக எப்படிக் குறைகிறது என்பதை ஜப்பானின் மான்சியும் சயெக்கியும் 1953-இல் அடுக்குக்குறி விதியாக எழுதினார்கள். வெயில்பட்ட இலைகள் ஒரு கூட்டம், நிழல் இலைகள் ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டாலே போதும் என்று டி ப்யூரியும் ஃபார்கரும் 1997-இல் காட்டினார்கள். என் அபிப்பிராயத்தில் அதற்கு மேல் அடுக்குகளைச் சேர்ப்பது பெரும்பாலும் கணினிக்கு வேலை கொடுப்பதுதான்.

சில்வர் ஓக் நிழலை வெட்டினால் விளைச்சல் கூடுமா?

நம் இலை 580-க்கு மேல் வெளிச்சத்தைப் பயன்படுத்துவதில்லை. உச்சி வெயில் 1,500. சில்வர் ஓக் பாதியை மறைத்தாலும் 750 வருகிறது. மேல் இலைக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த அடுக்குக்கு 450 வாக்கில்தான் போகும். அங்கே நிழல் கொஞ்சம் விலை கேட்கிறது. பதிலுக்கு இலைச் சூட்டைக் குறைக்கிறது, காற்றைத் தடுக்கிறது, வறண்ட மாதங்களில் ஈரத்தைக் காக்கிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கணக்கு தலைகீழ். வானமே இருண்டு கிடக்கும்போது நிழல் வெறும் செலவு. மழைக்கு முன் கிளை கழிக்கும் வழக்கத்துக்கு மாதிரியின் முழு ஆதரவு உண்டு. மரத்தையே வெட்டுவதற்கு இல்லை.

வளிமண்டலத்தில் கரியமில வாயு கூடுகிறதே, தேயிலைக்கு நல்லதுதானே?

இலைக்கு, ஓரளவு. வெளிவாயு 400-இலிருந்து 560 ஆனால் (உள்வாயு அதில் அதே 70 சதவீதம், அதாவது 392) நம் இலையின் ரூபிஸ்கோ வேகம் 15.8 ஆகும், ஆனால் ஒளி வேகம் 15.3-இல் நின்றுவிடும். தடுப்பவர் மாறிவிட்டார், கவனித்தீர்களா? இதற்கு மேல் வாயு கூடினாலும் லாபம் சுருங்கிக்கொண்டே போகும். செடியும் பழகிப்போய் ரூபிஸ்கோவைக் குறைத்துக்கொள்ளும். தவிர, தேயிலைச் செடி செய்யும் மொத்தச் சத்தில் சிறு பங்குதான் கொழுந்தாகிறது. மீதி வேர், தண்டு, முதிர்ந்த இலை. கொழுந்து வரும் வேகத்தைக் குளிரும் தண்ணீரும் உரமும் முடிவு செய்யும்போது, சர்க்கரை கூடுவதால் கூடை நிறையாது.

இந்த மாதிரிக்கும் நீலகிரியின் புல்வெளிக்கும் ஏதோ சம்பந்தம் என்கிறார்களே?

நல்ல சம்பந்தம். வெப்பமண்டலப் புற்கள் பல சி4 வகை. அவை ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயுவை அடர்த்தியாகக் குவித்து வைப்பதால் ஆக்சிஜனின் தொல்லை அவற்றுக்கு மிகக் குறைவு. கார்பனில் கனமான ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை கூடிய அணு) ஒன்று உண்டு. சி3 இலை அதை அதிகமாக ஒதுக்கும், சி4 குறைவாக ஒதுக்கும். எவ்வளவு ஒதுக்கும் என்பதற்கும் ஃபார்கர் சமன்பாடு கொடுத்திருக்கிறார். அதிலும் முக்கியமானது உள்வாயு ÷ வெளிவாயு விகிதம்தான். செடி மக்கினாலும் அந்தக் கையெழுத்து அழியாது.

நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து ராமன் சுகுமார், ரமேஷ் ஆகியோர் கொண்ட குழு இந்த ஐசோடோப்பை அளந்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே சி4 புற்கள்தான் ஓங்கியிருந்தன. வறட்சி முக்கியக் காரணம். காற்றில் கரியமில வாயு 190 பி.பி.எம். வாக்கில்தான் இருந்தது என்பதும் ஒன்று. நம் சி3 இலைக்கு அந்த 190-ஐப் போட்டுப் பாருங்கள். உள்வாயு 133, வேகம் 5.3. இன்றைய 12-இல் பாதிகூட இல்லை. சோலை மரங்கள் ஏன் பின்வாங்கின என்பதில் ஒரு பகுதி அந்த எண்ணில் இருக்கிறது. சோலையும் புல்வெளியும் கலந்த பழனிமலையின் கொடைக்கானல் பக்கத்துக்கும் இதே வேதியியல்தான்.

உறைபனியில் கருகிய செடிக்கு மாதிரி என்ன சொல்லும்?

ஒன்றும் சொல்லாது. தலைகுந்தா பக்கம் ஜனவரியில் இரவு உறைபனி, விடிந்ததும் தெளிந்த வானத்தில் கடும் வெயில். நொதி குளிரில் முடங்கிக் கிடக்க, பிடித்த வெளிச்சத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஒளி பிடிக்கும் அமைப்பே சேதமாகிறது. நம் சமன்பாடு இலை நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியது. சேதம் அதற்குள் இல்லை. பச்சைய ஒளிர்வைக் (பச்சையம் திருப்பி விடும் மங்கலான ஒளியைக்) கருவியில் அளந்தால் தெரியும்: அது தரும் விகிதம் நலமான இலைக்கு 0.83 வாக்கில் வரும், அடிபட்ட இலைக்கு இறங்கும். குளிரில் சர்க்கரையை வெளியேற்ற முடியாமல் தேங்குவதை மூன்றாவது தடையாக ஷார்க்கி 1985-இல் சேர்த்தார். ஊட்டியின் குளிர்ந்த காலைகளுக்கு அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கருவி வாங்க வசதியில்லை. எப்படி ஆரம்பிப்பது?

எக்செல் போதும். மேலே உள்ள மூன்று வரியையும் இலைத்துளை வரியையும் நான்கு நிரல்களில் எழுதிவிடலாம். நிரலாக்கம் தெரிந்தவர்களுக்கு ஆர் மொழியில் டுர்ஸ்மா 2015-இல் வெளியிட்ட இலவசத் தொகுப்பு இருக்கிறது.

தோட்டத்துக்குப் போகும்போது லக்ஸ் மீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, ஈரப்பதமானி மூன்றும் இருக்கட்டும். சூரிய வெளிச்சத்துக்கு லக்ஸை 54-ஆல் வகுத்தால் நாம் சொல்லும் ஒளி அளவு கிடைக்கும். 580 என்பது சுமார் 31,000 லக்ஸ். விளக்கு வெளிச்சத்துக்கு இந்த 54 பொருந்தாது. ரூபிஸ்கோ திறனை மட்டும் ஊகிக்க வேண்டியிருக்கும். 30 போட்டுப் பாருங்கள், 70 போட்டுப் பாருங்கள். இரண்டிலும் மாறாத முடிவு எதுவோ அதை மட்டும் நம்புங்கள்.

நேரம், இலை வெப்பம், லக்ஸ், ஈரப்பதம் இவற்றோடு, கொழுந்திலிருந்து எத்தனையாவது இலை என்பதையும் எழுதுங்கள். பறிக்கிற இளம் இலை இன்னும் தன் சாப்பாட்டுக்கே கீழே நிற்கும் முதிர்ந்த இலைகளைச் சார்ந்திருக்கிறது. அதற்கு முதிர்ந்த இலையின் எண்களைப் போட்டால் மற்ற நான்கு அளவும் வீண்.